நிற்க வைத்த டிரம்கள்

பழைய சாமான் சந்தில் மூக்கு மாஸ்டரைத் தெரியாதவர் கிடையாது. செடி வைக்கத் தொட்டி வேண்டும் என்று யாராவது வந்தால், சந்து முனை சைக்கிள் கடைக்காரர் வேலையை விட்டு நிமிராமலே வழி சொல்லிவிடுவார். "நேராப் போங்க. ஒரு வீட்டு வாசல்ல ஒருத்தர் டிரம்முக்குள்ள தலையை விட்டுக்கிட்டு குனிஞ்சு நிப்பாரு. அவருதான். பின்னால நின்னு கூப்பிடாதீங்க, பயந்து உள்ளயே விழுந்துடுவாரு."

கேலியில் பொய் அதிகமில்லை. வண்டிக்காரர் ஊரெல்லாம் சுற்றிப் பொறுக்கி வரும் பழைய டிரம், பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், விரிசல் விட்ட குளியல் தொட்டி, பழப்பெட்டி எல்லாம் அந்த வாசலில்தான் வந்து குவியும். அவற்றைச் சுரண்டி, கழுவி, அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, செடி வைக்கிற தொட்டியாக்கி விற்பது அந்த வீட்டின் பிழைப்பு. டின் என்றால் துருவைத் தேய்த்து உள்ளே தார் பூச வேண்டும். மரப்பெட்டி என்றால் உள்ளே சாக்கு விரித்து ஆணி அடிக்க வேண்டும். மண்சட்டி என்றால் ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றுகிற தண்ணீரைச் சட்டியே குடித்துவிடும். பிளாஸ்டிக் டிரம்தான் வில்லங்கம் பிடித்தது. சர்பத் வந்த டிரம்மும் நீலம், களைக்கொல்லி வந்த டிரம்மும் நீலம். மேலே ஒட்டியிருந்த காகிதம் வழியிலேயே எங்கோ உரிந்து போயிருக்கும். கழுவி வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும்.

அதற்கு ஒரே ஒரு சோதனைதான் உண்டு. டிரம்மில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, வெயிலில் நிறுத்திவிட வேண்டும். நன்றாகச் சூடேறிய பிறகு திறந்து மூக்கை விட்டால், கழுவலுக்கெல்லாம் தப்பி உள்ளே ஒளிந்திருந்தது வெளியே வந்துவிடும். அந்த வேலையை மாஸ்டர் யாருக்கும் விட்டதில்லை. முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டு, ஒரு மூச்சு இழுத்து, வெளியே வந்து தீர்ப்புச் சொல்வார். "இது சோப்பு எண்ணெய். கீரை போடலாம்." "இது பூச்சிமருந்து. இதுல செடி இல்ல, குப்பை கூடப் போடாதே." அவர் சொன்னால் சொன்னதுதான். நர்சரி வைத்திருக்கிற அக்கா தன் கடைக்கு வேண்டிய தொட்டியெல்லாம் இங்கேதான் எடுத்தாள். "உங்க மூக்குக்குப் பயந்துதான் நான் பொய் சொல்றதே இல்ல மாஸ்டர்" என்பாள்.

மற்ற வேலை பெரும்பாலும் அவர் மனைவியுடையது. தெரு அவளைத் தொட்டிக்காரம்மா என்று கூப்பிட்டது. ரம்பம், அரம், துளைக் கருவி எல்லாம் அவள் கையில் பழகிக் கிடந்தன. வருகிறவர்களிடம் வாய் கொடுப்பதும் அவள்தான். கையகல டப்பாவைக் காட்டி "இதுல எலுமிச்சை வைக்கலாமா?" என்று ஒருவர் கேட்டால், "வைக்கலாங்க. நீங்க இந்த ஸ்டூல்ல படுத்துத் தூங்குவீங்கன்னா அதுவும் அதுல வளரும்" என்பாள். வந்தவர் சிரித்துக்கொண்டே பெரிய டிரம்மை வாங்கிப் போவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கட்டிலோடு கட்டிலாகப் போட்டுவிட்டுப் போயிற்று. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்காரம்மா குழாயடிக்குப் போனாள். திரும்பி வரும்போது வாசலிலேயே தீய்ந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் பாத்திரம் அடி கருகிப் புகைந்துகொண்டிருக்கிறது. அடுப்புக்கு முதுகைக் காட்டி, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். "வந்துட்டியா? பால் பொங்கவே இல்ல போல இருக்கே" என்றார்.

காய்ச்சல் அவர் மூக்கைக் கொண்டுபோய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்த் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அழுகை வந்தது. அந்த மனிதருக்கு இருந்த ஒரே பெருமை அது. பெரிய படிப்பு இல்லை, ஆள்பலம் இல்லை, பத்துப் பேருக்கு முன்னால் பேசவும் வராது. மூக்கு மாஸ்டர் என்று தெரு கூப்பிடும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். அதையும் போய்ப் பிடுங்குவானேன் என்று நினைத்தாள். பாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்குப் பிறகு வெயிலில் நிற்கும் டிரம்மை அவர் வருவதற்கு முன்னாலேயே அவள் போய்த் திறந்தாள். "சூடு கொஞ்சம் ஆறட்டும்னு திறந்து வச்சேன்" என்பாள். மோந்து பார்த்து, நல்லதாக இருந்தால் நிற்க வைத்துவிடுவாள். கெட்டது என்றால் தண்ணீரைக் கொட்டிப் படுக்கப் போட்டுவிடுவாள். அப்புறம் மாஸ்டர் வருவார். எப்போதும் போல முட்டி போடுவார், தலையை விடுவார், மூச்சை இழுப்பார், தீர்ப்புச் சொல்வார். நின்ற டிரம் எதையும் அவர் கெட்டது என்று சொன்னதில்லை. படுத்த டிரம் எதையும் நல்லது என்று சொன்னதில்லை. இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பேசாமல் விட்ட விஷயங்கள் எத்தனையோ, அதில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மகள் வந்து சேர்ந்தாள்.

ஒற்றை மகள். ஒரு பையோடு வந்தாள். முன்பல் ஒன்று இல்லை. "குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டேன்மா" என்றாள். தொட்டிக்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கம் விழுந்த, முழங்கை கூடத் தேயலையே" என்று கேட்டதும் மகள் உடைந்துபோனாள். மூன்று கரு தங்காமல் போயிருந்தது. மருமகனுக்கு அடிக்கிற கை, அவன் அக்காவுக்குக் கடிக்கிற வாய். அந்த நாத்தனார், வீட்டுக்கு யார் வந்தாலும் இவளைக் காட்டிச் சொல்வாளாம், "இவ கை வச்சா பச்சைப்புல்லு கூடக் கருகிடும்." கேட்டுக் கேட்டு மகளே அதைப் பாதி நம்பத் தொடங்கியிருந்தாள். தண்ணீர் செம்பை நீட்டும்போதுகூட, எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நீட்டினாள்.

"இனிமே நீ அங்க போக வேணாம்" என்றார் மாஸ்டர்.

"இங்க இருந்து என்னப்பா பண்ணுவேன்?"

அதற்குப் பதில் நர்சரி அக்காவிடமிருந்து வந்தது. தொட்டி எடுக்க வந்தவள் மகளைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. "என் நர்சரிக்குப் பின்பக்கம் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கு. பாத்துக்க ஒரு ஆள் வேணும். தங்க ரூமும் இருக்கு. நீ செய்வியா?" என்றாள். மகள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குக் கைராசி இல்லக்கா."

"கைராசியாவது கால்ராசியாவது. உங்கப்பா மாடி சும்மாதானே கிடக்கு? விதையும் மண்ணும் நான் தரேன். தொட்டிக்கு உங்க வீட்டுல பஞ்சமில்ல. தக்காளி, கத்திரி, மிளகாய், அவரை போட்டு வளத்துக் காட்டு. காய் பிடிச்சுதுன்னா அந்த இடம் உனக்கு. மழை பிடிக்கிறதுக்குள்ள எனக்கு ஆள் வேணும், சொல்லிட்டேன்."

அன்று இரவு மகள் தட்டில் போட்டதை முழுக்கச் சாப்பிட்டாள். தொட்டிக்காரம்மா அதைப் பார்த்து மனசுக்குள் அக்காவைக் கும்பிட்டாள்.

மகளுக்கு மட்டமான தொட்டி கொடுக்க மாஸ்டருக்கு மனசு வருமா? வண்டிக்காரரைப் பிடித்து, ஒரே அளவில் பெரிய நீல டிரம்களாகக் கேட்டு வாங்கினார். "சர்பத் கம்பெனி சரக்கு மாஸ்டர், பாருங்க எவ்வளவு பளபளன்னு இருக்கு" என்றார் வண்டிக்காரர். மகள் சலவைச் சோடா போட்டுக் கழுவினாள். வெந்நீர் ஊற்றி மூடி, மாடிச் சுவரோரம் வரிசையாக வெயிலில் நிறுத்தினார்கள்.

அந்த வாரம் காற்று மாறியிருந்தது. தொட்டிக்காரம்மாவுக்குத் தலை கனத்து, மூக்கு அடைத்து, கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. மாடிக்குப் போனாள். முதல் டிரம்மைத் திறந்து மூக்கை விட்டாள். ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது டிரம்மிலும் ஒன்றும் தெரியவில்லை. கீழே வந்து ஆவி பிடித்தாள். மறுபடி மேலே போய்க் குனிந்தாள். சூடு மட்டும் முகத்தில் அடித்தது.

எனக்குச் சளி, இன்னைக்குப் பாக்க வேணாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடம் சொல்வது? டிரம் பார்க்கிறவர் மாஸ்டர். அவர் மோந்து பார்க்க இவளுடைய சளி ஏன் குறுக்கே வர வேண்டும்? சொன்னால் அந்த இரண்டு வருஷமும் மகளுக்கு முன்னால் அவிழ்ந்துவிடும். மகள் வேறு ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்பம்மா அறுக்கலாம், எப்பம்மா அறுக்கலாம்" என்று நின்றுகொண்டிருந்தாள். வண்டிக்காரர் சர்பத் என்றாரே, சோடா போட்டுக் கழுவியாயிற்றே, பார்க்கவும் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டிரம்களை நிற்க வைத்துவிட்டாள்.

மாஸ்டர் வந்தார். நிற்கிற டிரம்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒன்று விடாமல் தலையை விட்டு மூச்சு இழுத்தார். கடைசி டிரம்மிலிருந்து நிமிர்ந்தவர் மகளைப் பார்த்து, "அடடா, என்ன வாசனை தெரியுமா? சர்பத்தேதான். இன்னும் இனிப்பா மணக்குது. உன் செடியெல்லாம் சர்பத் குடிச்சு வளரப் போகுதுடி!" என்றார்.

மகள் சிரித்தாள். வந்த நாளிலிருந்து வாயைக் கையால் மூடிச் சிரித்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு மூட மறந்துவிட்டாள்.

பிறகு நடந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. டிரம்களைப் பாதியாக அறுத்தாள் மகள். விளிம்பில் கை கிழியாதபடி அரத்தால் தேய்த்தாள். அடியில் மட்டும் ஓட்டை போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, பக்கத்திலும் ஒரு விரல்கடை உயரத்தில் ஓட்டை போட்டாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தினாள். ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லு, அதன் மேல் ஜல்லி, அதன் மேல் மணல், அதற்கும் மேல் நர்சரியிலிருந்து வந்த கறுப்பு மண். கை முட்டி வரை மண்ணாக நின்றவளைப் பார்க்கத் தொட்டிக்காரம்மாவுக்குக் கண் நிறைந்தது. நட்டது போகக் கொஞ்சம் தக்காளி நாற்று மிஞ்சியது. தூக்கிப் போட மனசில்லாமல், நசுங்கிப் போன ஒரு எண்ணெய் டின்னில் மண்ணைப் போட்டு அதில் குத்தி, தண்ணீர் டாங்குக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். அப்புறம் அதை மறந்தே போனாள்.

நாற்று பிடித்தது. இலை விட்டது. மகள் காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே மாடிக்கு ஓடினாள். "அம்மா, அவரை சுருள் விட்டிருக்கு, வந்து பாரேன்!" தெருவில் போகிற பழ வண்டிக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டாள். நர்சரி ரூமில் கட்டில் எங்கே போடுவது என்பது வரைக்கும் பேச்சு போயிற்று.

வேர் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் காலை தக்காளியின் நுனி வளைந்து நின்றது. வெயில் என்று நினைத்துத் துணி கட்டினாள். மறுநாள் தண்டு முறுக்கிக்கொண்டது. இலைகள் அகலம் இழந்து நூல் நூலாகச் சுருண்டன. தக்காளியைப் பார்த்துக் கத்திரி, கத்திரியைப் பார்த்து மிளகாய். அவரை தரையோடு படுத்துவிட்டது. மகள் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள், வேப்பெண்ணெய் தெளித்தாள். செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலையை விரலால் நீவி நீவி விரித்துவிட்டாள். விரலை எடுத்ததும் அது மறுபடி சுருண்டது.

நர்சரி அக்கா வந்து மாடியேறினாள். மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள். அவள் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தாள்.

"இது பூச்சி இல்ல, நோவும் இல்ல. மருந்து பட்டா இப்படித்தான் முறுக்கும். மாஸ்டர், தொட்டியில ஏதாச்சும் கோளாறா?"

மாஸ்டர் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"என் தொட்டியிலயா?" என்றார் அவர். குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "நானே மோந்து பாத்தது அக்கா. ஒண்ணொண்ணா. என் பொண்ணுக்குக் கொடுக்கிறதுல நான் ஏமாந்துடுவேனா?"

"உங்க மூக்கை நான் சந்தேகப்படுவேனா? அப்ப என்னதான் காரணம்?"

"மண்ணு?" என்றார் மாஸ்டர்.

"மண்ணு என் மண்ணு. அதே மண்ணுல என் கடையில பூத்துக் குலுங்குது. விதையும் அதே விதைதான்."

துணி கட்டின கயிறு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"தொட்டி நல்ல தொட்டி. மண்ணு நல்ல மண்ணு. விதை நல்ல விதை" என்றாள் மகள். "என் கைதான்கா மிச்சம்."

அதை அவள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கணக்கு சரியாக வந்துவிட்டது போலச் சொன்னாள்.

அந்த இடத்தில் தொட்டிக்காரம்மா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கத்தான் பார்த்தாள். நர்சரி அக்கா நிற்கிறாளே, இவளுக்குத் தெரிந்தால் தொழிலே போய்விடுமே, கழுத்து நரம்பு புடைக்க நிற்கிற இந்த மனுஷர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார் என்று யோசித்தாள். அக்கா போனதும் மகளிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பெற்றவளுக்கே அந்த நிமிஷத்தில் மகளைவிட வேறு எதெல்லாமோ பெரிதாகத் தெரிந்ததே, அதை என்னவென்று சொல்வது!

"மனசை விட்டுடாதே. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினாள். பின்பக்க நிலத்துக்கு வேறு ஆள் பார்க்கப் போவதை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது.

சாயங்காலம் மகள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். சோப்பு போட்டாள், கழுவினாள், மறுபடி சோப்பு போட்டாள். தொட்டிக்காரம்மா பக்கத்தில் போய், "கண்ணு" என்றாள்.

"தண்ணி மொண்டு வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டவள், கேட்ட வேகத்திலேயே "வேணாம், நீயே மொண்டுக்கோ" என்று உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம், தெளிவாக இருப்பாள் என்று அம்மா விட்டுவிட்டாள்.

காலையில் தொட்டிக்காரம்மா கடைக்குப் போய் வருவதற்குள் மகள் போய்விட்டாள். "போயிட்டு வரேன்பா" என்றாளாம். மாஸ்டர் டிரம் அறுத்தபடி "சரிம்மா" என்றாராம். கையில் பை இருந்ததை அவர் பார்க்கவில்லை. அடுக்களையில் பாத்திரமெல்லாம் விளக்கிக் கவிழ்த்திருந்தது. படுத்திருந்த பாயைக்கூடத் துவைத்துக் காயப் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

தொட்டிக்காரம்மா வாசல் படியில் அப்படியே உட்கார்ந்தாள். ரம்பத்தின் சத்தம் நின்றது.

"அவ கையில ஒரு குறையும் இல்லீங்க" என்றாள். "டிரம்முதான்."

"நீ நிக்கத்தானே வச்சிருந்த?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"பால் தீஞ்ச அன்னைக்கே தெரியும். நீ ஒண்ணும் கேக்கலையே, அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் நீ நிக்க வச்சதை நல்லதுன்னேன், படுக்க வச்சதைக் கெட்டதுன்னேன். ரெண்டு வருஷமா அதானே நடக்குது." அவர் மாடிப்பக்கம் பார்த்தார். "அன்னைக்கும் நீ நிக்க வச்சிருந்தியே?"

"நிக்கத்தான் வச்சேன். எனக்கு அன்னைக்குச் சளி. ஒரு மண்ணும் தெரியல."

"சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்ல? உங்க மூக்குக்குப் பதிலா வச்சிருந்த மூக்கு அடைச்சுப் போச்சுன்னா?"

மாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "சர்பத் வாசனைன்னு சொன்னேனே" என்றார். "இனிப்பா மணக்குதுன்னு சொன்னேனே பாவி. நேத்து அக்கா கேட்டப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே." அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்காரவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பெண்ணை மறுபடி அந்த வீட்டிலேயே கொண்டுபோய்த் தள்ளிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

மாடியில் கிடப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று அவள் மேலே போனாள். டாங்குக்குப் பின்னால் மண்வெட்டியை எடுக்கக் கையை விட்டபோது இலை தட்டுப்பட்டது. நசுங்கின எண்ணெய் டின். தக்காளி இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, இலை விரித்து, மஞ்சள் பூவோடு நின்றது. டாங்கிலிருந்து கசிந்த தண்ணீரைக் குடித்தே வளர்ந்திருக்கிறது. ஒரு பூவுக்குக் கீழே குன்றிமணி அளவு பச்சைக்காய்.

"என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாஸ்டர் படியேறி ஓடி வந்தார்.

பஸ்ஸில் அந்த டின்னை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் காற்று படாமல் மாஸ்டர் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். வழியெல்லாம் யார் முதலில் சொல்வது, என்னவென்று சொல்வது என்று பேசிக்கொண்டார்கள். "நானே சொல்லிடறேன்" என்றார் அவர். "எனக்கு மூக்கு செத்துப் போச்சுன்னு என் வாயாலயே சொல்லிடறேன். அப்புறம் இந்தச் செடியைக் காட்டுவோம். புரிஞ்சுக்குவா. கையோட கூட்டிக்கிட்டு வந்துடலாம்." அவளும் தலையாட்டினாள். அந்த ஒரு மணி நேரம் இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

மருமகன் வேலைக்குப் போயிருந்தான். நாத்தனார் முன்னறையில் உட்கார்ந்தபடியே, "உங்க பொண்ணு தானாத்தான் வந்தா. நாங்க யாரும் கூப்பிடல" என்றாள். மகள் உள்ளேயிருந்து ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். பெற்றவர்களைப் பார்த்தும் அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.

மாஸ்டர் சொன்னார். தெருவில் போகிறவர்கள் கேட்டால் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். காய்ச்சலைச் சொன்னார், பாலைச் சொன்னார், நிற்க வைத்ததைச் சொன்னார். தொட்டிக்காரம்மா தன் சளியைச் சொன்னாள். "பாரு கண்ணு, இது நீ வச்சது. மிஞ்சின நாத்தை டின்னுல குத்தினியே. டிரம்முல வச்சதுதான் செத்துது, இதுல வச்சது காய் பிடிச்சிருக்கு பாரு. உன் கையில என்ன குறை?"

மகள் டின்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா மூக்கு எனக்குத் தெரியாதாம்மா? சின்ன வயசுல நான் ஒளிச்சு வச்ச மிட்டாயை வாசல்ல இருந்தே கண்டுபிடிப்பாரு." சின்னதாகச் சிரித்தாள், கையால் வாயை மூடிக்கொண்டு. "எனக்காக அவரையே மூக்கில்லாதவராக்கிட்டியா? தெருவே கேக்க இப்படிச் சொல்ல வச்சிட்டியே."

"சத்தியமாடி!"

"இந்தச் செடி நீ வச்சதும்மா. எனக்குத் தெரியும். நான் வச்சதா இருந்தா இப்படி நிக்காது."

"நீதான்டி வச்ச, டாங்குக்குப் பின்னால, மறந்துட்டியா? வா, வீட்டுக்குப் போகலாம்."

"அங்க வந்து? உங்க கடையையும் கருக விடவா?"

உள்ளேயிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. தொட்டிக்காரம்மாவுக்கு முதலில் எட்டியது. நாத்தனாருக்கு அடுத்தது. "அடுப்புல வச்சது கருகுது, கதை பேசிக்கிட்டு நிக்கிறா! இவ கை வச்சது எதுதான் கருகாம இருந்திருக்கு!" என்று அவள் கத்தினாள். மகள் பதறித் திரும்பி உள்ளே ஓடினாள். தீய்ந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவிக்கொண்டிருக்க, மாஸ்டர் வாசலில் ஒன்றும் புரியாத முகத்தோடு, "என்ன கருகுது? எங்க?" என்று மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் ஒரே ஒரு தடவை திரும்பி அந்த முகத்தைப் பார்த்திருந்தால் போதும். அவள் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். விரல் சிவந்திருந்தது. அம்மா டின்னை அவள் பக்கம் நீட்டினாள். "இதையாவது வச்சுக்கோ கண்ணு. தினம் பாரு. பழுக்கும்போது நம்புவ."

மகள் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினாள்.

"எடுத்துக்கிட்டுப் போயிடும்மா. நல்லாருக்கு அது. என் கை பட்டுடப் போகுது."